சகியூசா வசூலிக்காத குறும்பு

1974ஆம் ஆண்டு ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறரை மணி. கண்டாவுத் தீவில் நாமாலி என்ற ஊருக்கு எதிரே, பவளப்பாறைக்கு அப்பால் ஒரு படகு நங்கூரம் போட்டிருந்தது. நாமாலிக்குப் படகுத்துறை கிடையாது. வருகிறவர்கள் சிறு தோணிக்கு மாறி, அது தரை தட்டும் இடத்தில் இறங்கி, மீதித் தூரத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கடக்க வேண்டும். அன்று வந்தவர்கள் பெண் கேட்டு வந்தவர்கள். பெரியவர்களெல்லாம் இறங்கிவிட்டார்கள், மாப்பிள்ளை சகியூசா மட்டும் தோணியில் உட்கார்ந்தே இருந்தான். அவன் காலில் இரவல் வாங்கிய கறுப்புத் தோல் ஷூ பளபளத்தது.

பெண்ணின் தம்பி நெத்தானிக்கு அப்போது இருபது வயது. தோணியருகே வந்து முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"ஏறு மச்சான். ஷூ நனையாம கரை சேர்க்கிறேன்."

"இன்னும் பொண்ணே தரலை. அதுக்குள்ள மச்சானா?"

"பொண்ணு தர்றது பெரியவங்க. முதுகு தர்றது நான். ஏறு, ஏறு."

சகியூசா ஏறினான். பாதி வழியில், தண்ணீர் சரியாக இடுப்பைத் தொட்ட இடத்தில், நெத்தானி குனிந்து கையை விட்டுவிட்டான். கரையில் நின்ற ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சகியூசா முங்கி எழுந்து, ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் சுற்றிய சுலு வேட்டியின் ஈரத்தோடும் வெறுங்காலோடும் வந்து சபையில் உட்கார்ந்தான். நெத்தானியைப் பார்த்துப் புன்னகை மட்டும் செய்தான்.

நாமாலியில் மச்சான் என்றால், கோபப்படும் உரிமை இல்லாதவன். மச்சான் எதைச் செய்தாலும் சிரிக்க வேண்டும். செய்தவன் மன்னிப்புக் கேட்பதும் தவறு. கேட்டால், எதிரில் இருப்பவன் கோபித்துக்கொண்டான் என்று பழி சொன்னதாக ஆகிவிடும். ஒரு குறும்புக்கு உரிய பதில் அதைவிடப் பெரிய குறும்பு ஒன்றுதான். அது திரும்பி வரும்வரை செய்தவன் கடனாளி.

சகியூசாவின் பதில் அடுத்த ஜனவரியில் வந்தது. திருமணம் முடிந்து, தச்சு வேலைக்கு ஆள் இல்லாத நாமாலியிலேயே அவன் தங்கிவிட்டிருந்தான். ஞாயிறு ஆராதனையில் நெத்தானிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் சுலுவின் ஓரத்தைப் பெஞ்சோடு சேர்த்துச் சின்ன ஆணிகளால் அறைந்துவைத்தான். பாட்டுக்காகச் சபை எழுந்தது, நெத்தானியும் எழுந்தான், சுலு எழவில்லை. இப்படித்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. "வீட்டோட மாப்பிள்ளை" என்று நெத்தானி பாடாத கூட்டம் இல்லை. சகியூசா அவசரப்பட மாட்டார். மாதக்கணக்கில் பொறுப்பார். எதிராளி மறந்திருக்கும் நாள் பார்த்து, வட்டியோடு தீர்ப்பார்.

ஊரின் பாதிக் கூரைகள் அவர் ஏறிப் போட்டவை. அகன்ற பாதம், விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து நிற்கும். உத்தரத்தின் மேல் நடக்கும்போது அந்த விரல்கள் மரத்தைக் கவ்விப் பிடிப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம். திருமணத்துக்குப் பிறகு அவர் ஷூவைத் தொடவில்லை. பவளப்பாறையிலும் வெறுங்காலோடுதான் மீன் பிடிப்பார்.

அறுபதைத் தாண்டியபின் அந்தப் பாதங்கள் மாறத் தொடங்கின. நகங்கள் சிப்பி போலத் தடித்தன. மீன் அரியும் கத்தியால் அவற்றைச் சீவிக்கொண்டார். குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. பெருவிரல் சரிந்து அடுத்த விரலின் மேல் படுத்துக்கொண்டது. நடக்கும்போது கால்களை அகட்டி வைத்தார், கண்கள் தரையை விட்டு அகலவில்லை. இதையெல்லாம் முதலில் கவனித்தவர் நெத்தானி. கவனித்தது சிரிக்கவைப்பதற்காக. ஊர்க் கூட்டத்தில் இலேசாக மயக்கும் யங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டையில் சுற்றுக்கு விடும்போதெல்லாம், நெத்தானி எழுந்து மச்சானைப்போல நடந்து காட்டுவார். வாத்து நடை என்று அதற்குப் பெயரும் வைத்தார். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் சகியூசாதான்.

2017 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட ஊர்க்கூடத்தில் யங்கோனா விருந்து வைத்தார்கள். வாசலில் வழக்கம்போலச் செருப்புக் குவியல். எல்லாம் ரப்பர் செருப்பு. வெளியே வருகிறவர் காலில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார், மறுநாள் ஊரெல்லாம் செருப்பு மாற்றிக்கொள்ளும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. சகியூசா ஒருவர்தான் தம் நீலச் செருப்பைத் தேடிப் போடுகிறவர். நெத்தானி முன்னதாகவே வெளியே வந்து, அந்த நீலச் செருப்பை எடுத்துக்கொண்டு ஈரப்பலா மரத்தின் பின்னால் போய் நின்றார்.

மதியம் முழுவதும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சகியூசா எழுந்தார். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது நிமிர்ந்து நடக்கக் கூடாது; முதுகை வளைத்து, "திலோ, திலோ" என்று, குறுக்கே போக அனுமதி கேட்கும் சொல்லைப் பணிவாகச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நீலச் செருப்பு இல்லை. குவியலில் காலை விட்டார். ஒரு காலில் யாருடையதோ நீளச் செருப்பு, மறுகாலில் பாதம் கொள்ளாத குட்டைச் செருப்பு. காலில் ஏறியது எது என்று அவருக்கே தெரியவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தக் கூடத்தின் சிமெண்டுப் படி உயரமான ஒற்றைப் படி. அதைக் கட்டியவரும் அவர்தான்.

மரத்தின் பின்னால் நெத்தானி சிரிப்பதற்காக வாயைத் திறந்திருந்தார். மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

ஊர் மருந்தகத்தில் நர்ஸ் உனைசி அவரைப் படுக்கவைத்தாள். மணிக்கட்டு முறிந்திருந்தது, மறுநாள் படகில் தலைநகர் சுவாவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இடுப்பைத் தடவிப் பார்த்தாள், தப்பியிருந்தது. பிறகு கால்களைக் கழுவினாள். கழுவியவள் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையிலிருந்த துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை உருவினாள்.

"மாமா, கண்ணை மூடிக்கங்க. நான் எப்ப தொடுறேனோ அப்ப சொல்லுங்க."

"தொட்டே."

அவள் தொடவில்லை. இப்போது ஈர்க்கின் நுனியைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்தினாள். சகியூசா கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"என்னம்மா, ஆரம்பிக்கலையா இன்னும்?"

காப்புக்காய்ச்சிய தோலுக்கு அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. உனைசி இடுக்கியால் இழுத்தாள். உடைந்த தூண்டில் முள்ளின் நுனி ஒன்று சீழோடு வெளியே வந்தது.

"இது எப்ப குத்துச்சு மாமா?"

"எது?"

அவள் அதைத் தட்டில் போட்டாள். சுவரோரமாக நின்ற நெத்தானி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படிக் காலை அகட்டி நடக்கிறார்?"

"எப்பவும் போலத்தான் நடக்கிறேன்" என்றார் சகியூசா.

உனைசி திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. கூட்டத்துக்குக் கூட்டம் இவரை மாதிரி நடந்து காட்டுறவர் நீங்கதானே?"

நெத்தானி சிறிது தயங்கிவிட்டு அறையின் நடுவே வந்தார். "போன கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸ்" என்று சொல்லி நடந்தார். குதிகால் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. "அதுக்கப்புறம் வந்த ஈஸ்டர்" என்றார். கால்கள் அகன்றன, தலை தாழ்ந்தது. "போன மாசம்." இப்போது கை தானாகச் சுவரைத் தேடியது, இல்லாத வாசற்படியைத் தாண்டுவது போலக் கால் உயரத் தூக்கி, பொத்தென்று தரையில் விழுந்தது. ஊரை எத்தனையோ முறை சிரிக்கவைத்த நடை அது. உனைசி சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசியை இன்னொரு தடவை நடங்க."

நடந்தார்.

"சர்க்கரை வியாதி ரொம்ப நாளாவே இருக்கணும். பாதம் மரத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்போல" என்றாள் அவள்.

படுத்திருந்த சகியூசா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அது நானா?"

"நீதான் மச்சான்."

"அப்ப நல்லாத்தான் பண்ணியிருக்கே."

வெளியே வந்தபோது உனைசி நெத்தானியின் பின்னாலேயே வந்தாள். "நீங்க செருப்பை ஒளிச்சிருக்கலைன்னா, இவர் அந்த முள்ளோடயே இன்னும் நடந்திருப்பார். கடைசியில காலை எடுக்கவேண்டி வந்திருக்கும்."

"அப்ப நான் நல்லது பண்ணினேன்னு சொல்றியா?"

"இல்லை மாமா. நல்லவேளைன்னு சொல்றேன். ரெண்டும் வேற."

சகியூசாவின் மனைவி வசெமதா, நெத்தானியின் அக்காள். வயது வந்த நாளிலிருந்து உடன்பிறந்த ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அவ்வூரில் வழக்கமில்லை. ஆகையால் அவள் தம்பிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம், அவர் காதில் விழும் தூரத்தில் நின்று, வீட்டுச் சேவலிடம் சொன்னாள்.

"ஏ சேவலே, அறுபது வயசு தாண்டியும் செருப்பு திருடுற ஆளு உங்க கூட்டத்துல உண்டா? இல்லையா? அப்ப நீ எவ்வளவோ தேவலை. மண்டைக்குள்ள களிமண்ணா இருந்தாலும் அதுல ஒரு மரவள்ளியாவது முளைச்சிருக்கும்."

நெத்தானி தலையைக் குனிந்துகொண்டு போனார். சேவல் பதில் சொன்னது.

சுவாவிலிருந்து சகியூசா திரும்பியபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு, காலில் கட்டு. விரல்கள் எல்லாம் தப்பியிருந்தன. ஆனால் வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழவில்லை. எழ வேண்டியிருந்தால் ஒரு கையால் சுவரையும் மறுகையால் மனைவியின் தோளையும் பிடித்தார். காலில் வலி இல்லை, பயம் இருந்தது. கூரை உச்சியில் நிமிர்ந்து நின்ற மனிதருக்குச் சொந்த வீட்டுத் தரை ஆழக் கடலாகத் தெரிந்தது. உனைசி வாரம் தவறாமல் வந்து பாதத்தைப் பார்ப்பாள், நகத்தை வெட்டிவிடுவாள், திட்டுவாள்.

"விழுந்துடுவோம்னு உட்கார்ந்தே இருந்தா தொடை இளைச்சுப்போகும். தொடை இளைச்சா நிச்சயமா விழுவீங்க. அடுத்த தடவை மணிக்கட்டோட போகாது, இடுப்புதான்."

"அதுக்குத்தான் எழுந்திரிக்கவே இல்லை" என்பார் சகியூசா.

நெத்தானியை வாட்டியது வேறு. பதில் வரவில்லை. மாதங்கள் போயின, மச்சானிடமிருந்து ஒரு சின்னக் குறும்புகூட வரவில்லை. மன்னிப்புக் கேட்க வழியில்லை, கேட்கவும் கூடாது. மச்சான் நாற்காலியிலேயே முடிந்துபோனால் இந்தக் கடனோடு தாம் மட்டும் மிஞ்ச வேண்டும். அவரைக் கிளப்பிவிட நெத்தானி என்னென்னவோ செய்தார். மச்சானின் கரும்பை வெட்டி, ஜன்னலுக்கு எதிரிலேயே நின்று தின்றார். நாற்காலியில் வேர் விட்டாச்சா என்று கேட்டார். சகியூசா புன்னகைத்தார், அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் நெத்தானி மச்சானுடைய பெட்டியிலிருந்தே சுத்தியலை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டு வாசலிலிருந்து ஊர்க்கூடம் வரை, பாதையோரமாகக் கம்பங்கள் நட்டு ஒரு கைப்பிடி அடிக்கத் தொடங்கினார். அவருக்குத் தச்சு வராது. ஒரு கம்பம் கடலைப் பார்த்தது, அடுத்தது மலையைப் பார்த்தது. மேலே வைத்த கட்டை ஓரிடத்தில் இடுப்புக்கும் ஓரிடத்தில் முழங்காலுக்கும் நின்றது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "டேய், அது கைப்பிடியா, விலாங்கு மீனா?"

"பிடிக்கிறதுக்கு என்ன அழகு வேணும்?"

"ஆணியை எங்கேடா அடிக்கிறே? அது கட்டை முடியிற இடம். பிளக்கும்."

பிளந்தது.

"பார்த்தியா!"

"பார்த்தேன். உட்கார்ந்த இடத்துல இருந்து யாரு வேணும்னாலும் மேஸ்திரி ஆகலாம் மச்சான்."

சகியூசா சில நாள் பொறுத்தார். ஜன்னல் கதவைச் சாத்திப் பார்த்தார். அடைத்த கதவுக்குப் பின்னாலும் சுத்தியல் தப்பான இடத்தில் விழும் சத்தம் கேட்டது. ஒரு காலையில் வாசலில் வந்து நின்றார். உனைசி சுவாவிலிருந்து தருவித்திருந்த கேன்வாஸ் ஷூ காலில். அகலமான முகப்பு, வழுக்காத அடி, இறுக்கிக் கட்டிய கயிறு. இடக்கையில் ரசமட்டம். வலக்கையால் அந்தக் கோணல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் கம்பம் வரை வந்தார். அதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பிடுங்கு" என்றார்.

நெத்தானி பிடுங்கினார்.

ஒரு நாளைக்கு ஒரு கம்பம், பிறகு இரண்டு. பிடுங்குவதும் நடுவதும் நெத்தானி. மட்டம் பார்ப்பதும் வைவதும் சகியூசா. மழைக்காலம் தொடங்குமுன் இருவரும் ஊர்க்கூடத்தை எட்டினார்கள். அங்கே அந்த உயரமான ஒற்றைப் படியைச் சகியூசா உடைக்கச் சொல்லி, தாழ்வான இரண்டு படிகளாக ஊற்றவைத்தார். நெத்தானி வேண்டுமென்றே கோணலாகக் கட்டினார் என்று ஊர் பாராட்டியது. அவர் மறுக்கவில்லை. உண்மையில் நூல் பிடித்து, தம்மால் முடிந்த அளவு நேராகத்தான் கட்டியிருந்தார்.

நடை வந்தது, ஆனால் ஷூவோடுதான் வந்தது. வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது என்பது உனைசியின் கட்டளை. ஊர்த் தலைவரான துரங்காவின் வீட்டுப் பாயை அதுவரை எந்தச் செருப்பும் மிதித்ததில்லை. அந்த ஆண்டு புதிய போதகரை வரவேற்கும் விருந்து அங்கேதான். சகியூசா வரமாட்டேன் என்றார்.

"கழட்டினா விழுவேன். கழட்டலைன்னா மானம் போகும். ரெண்டும் வேண்டாம், வீட்லயே இருக்கேன்."

மீண்டும் அந்த நாற்காலியைப் பார்த்தார். அவர் எதைப் பார்த்தார் என்பதை நெத்தானி பார்த்தார்.

விருந்தன்று சபை நிறைந்திருந்தது. வாசலில் ஏதோ கிறீச்சிட்டது. நெத்தானி வந்தார், காலில் சேற்று வயலில் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். கழுவித்தான் இருந்தது. முதுகை வளைத்து, "திலோ, திலோ" என்று மிகுந்த பணிவோடு ஒவ்வோர் அடியாக வைத்தார். ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸ் தவளைபோலக் கத்தியது. போதகரின் மனைவி கையால் வாயை மூடிக்கொண்டாள். துரங்கா சிரட்டையைக் கீழே வைத்தார்.

"நெத்தானி, கால்ல என்ன அது?"

"பூட்ஸ், துரங்கா."

"அது தெரியுது. ஏன்?"

"பின்னாடி என் மச்சான் ஷூ போட்டுக்கிட்டு வர்றான், துரங்கா. அவன் மட்டும் போட்டிருந்தா எல்லார் கண்ணும் அவன் கால்ல விழும். பாவம், ஏற்கெனவே கூச்ச சுபாவம், வீட்டோட மாப்பிள்ளை வேற. அதான் நான் இதைப் போட்டேன். எல்லாரும் என் காலைப் பாருங்க."

முதலில் சிரித்தது ஒரு கிழவி. பிறகு துரங்கா. அவர் சிரித்தபின் கூரை அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே சகியூசா சுத்தமான கேன்வாஸ் ஷூவோடு உள்ளே வந்து, தமக்குரிய இடத்தில், அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. துரங்கா நெத்தானிக்கு ஒரு கட்டு யங்கோனா வேர் அபராதம் விதித்தார். மண் ஒட்டாமல் கழுவிய ஷூவாக இருந்தால் வயதானவர்கள் உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவைத்தார்.

அபராதம் துரங்காவுக்குப் போயிற்று, மச்சானுக்குப் போகவில்லை. நெத்தானியின் கணக்கில் கடன் அப்படியே நின்றது. ஒருமுறை கேட்டே விட்டார்.

"மச்சான், எப்ப?"

"எது எப்ப?"

"தெரியாத மாதிரி கேட்காதே."

"அவசரப்படாதே. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சகியூசா இருந்தார். யோசித்துக்கொண்டே இருப்பதாகத்தான் சொன்னார். நெத்தானி ஆலயத்தில் உட்காருமுன் பெஞ்சைத் தடவிப் பார்த்தார். தேநீரை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார். எல்லாவற்றையும் விட அவருக்குச் சந்தேகம் தந்தவை அவருடைய செருப்புகள். ஊர்க்கூடத்திலிருந்து எப்போது வெளியே வந்தாலும், அவை குவியலில் சேராமல், கீழ்ப்படியின் ஓரத்தில், கைப்பிடிக்குப் பக்கத்தில், ஒரு ஜோடியாக, பாதையைப் பார்த்தபடி இருக்கும். இது ஏதோ பெரிய குறும்புக்கு முன்னேற்பாடு என்று நெத்தானி முடிவு செய்தார். குச்சியால் கவிழ்ப்பார், தட்டுவார், நண்டு இருக்கிறதா, ஆணி இருக்கிறதா, சோப்பு தடவியிருக்கிறதா என்று பார்ப்பார். கைப்பிடியில் சாய்ந்தபடி சகியூசா அதை ரசித்துச் சிரிப்பார்.

2023இல் ஒரு காலை, தேநீருக்குப் பிறகு, இதயம் நின்று சகியூசா இறந்தார். அந்த விழுதலுக்குப் பிறகு அவர் ஒருமுறைகூட விழவில்லை. இரண்டு பாதங்களும் முழுமையாக இருந்தன. வசெமதா அன்று சேவலிடம் எதுவும் சொல்லவில்லை.

நூறாம் நாள் துக்கம் முடிக்க ஊர்க்கூடத்தில் ஊர் கூடியது. பிற்பகல் முழுவதும் சம்மணமிட்டிருந்த நெத்தானி எழுந்தார். எழுபதை நெருங்கியிருந்த அவர் காலிலும் இப்போது எறும்பு ஊர்ந்தது. "திலோ, திலோ" என்று வளைந்து வாசலுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து, இரண்டு படிகளையும் இறங்கி, படியோரம் பார்த்தார். செருப்பு இல்லை.

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. ஈரப்பலா மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கண்ணில் பட்டது. ஒன்று குவியலின் அடியில் குப்புறக் கிடந்தது. மற்றது யாருடைய காலோ தள்ளிவிட்டு, மேல்படியின் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போது அவர் உதறிவிட்டுப் போனபடியே, எடுத்துவைக்க ஆளில்லாமல் கிடந்தன.

நெத்தானி படியில் உட்கார்ந்தார். கையை நீட்டி இரண்டையும் இழுத்துக்கொண்டார். வழக்கம்போலக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.